மனைவியின் சம்மதம்

ஆம்பூர்,
3 ஜனவரி 1931

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. தோல் கம்பெனிக்கு விடுமுறை. வழக்கம்போல் கமிட்டியின் குமாஸ்தா வஹாப் பாய் குடையும் தோல்பையுமாக வந்தார். மாமா நாற்காலி போட்டார். அத்தை என்னைக் கூப்பிட்டு முற்றத்தில் நிறுத்தினார். நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்பதை அவர் கண்ணால் பார்த்து, “கணவன் வீட்டில் வசித்து வருகிறேன்” என்ற வரியின் கீழ் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பதினைந்து ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போவது பதினாறு மாதமாக நடக்கிறது. தோலைப் புரட்டிப் பார்த்து முத்திரை குத்துகிறவர்களும் இப்படித்தான் பார்ப்பார்கள் என்று முதலில் நினைத்ததுண்டு. இப்போது நினைப்பதில்லை.

நேற்று அவர் இன்னொரு தாளையும் நீட்டினார். உங்கள் தோல் பதனிடும் படிப்புக்கான உதவித்தொகை 1932 ஜூன் வரை நீட்டிக்கப்படுகிறது என்று இருந்தது. நான்காவது கட்டத்தில் “மனைவியின் சம்மதம்” என்று அச்சடித்திருந்தார்கள். அதற்கு எதிரே உங்கள் கையெழுத்தில், “கேட்டுப் பெறப்பட்டது.”

கேட்டது யார்? கொடுத்தது யார்?

“இன்னாம்மா, புதுசா பாக்குற மாதிரி பாக்குறே? தம்பி எழுதலியா?” என்றார் பாய்.

“எழுதியிருப்பாரு. தபால்தான் வரல” என்றேன். உங்களுக்காக நான் சொன்ன முதல் பொய் அது.

கமிட்டியின் விதிகளை நான் குறை சொல்ல மாட்டேன். தோல் வியாபாரிகள் கைப்பணம் போட்டுச் சீமைக்கு அனுப்பிய முதல் ஆள் கல்யாணமாகாதவர். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். இரண்டாவது ஆள் கல்யாணமானவர். வருஷம் நீண்டுகொண்டே போனதில் அவர் மனைவியின் வீட்டார் கமிட்டிமேல் வழக்குப் போட்டார்கள். அதன்பிறகுதான் கமிட்டித் தலைவர் நிசார் அஹமது சாஹிப் எழுதிவைத்தார்: போகிறவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்க வேண்டும், மனைவி அவன் வீட்டில் இருக்க வேண்டும், அவள் சம்மதமில்லாமல் ஒரு நாள்கூட நீட்டிப்பதில்லை. அந்த விதிக்காகத்தான் நீங்கள் கப்பலேற பதினெட்டு நாள் இருக்கும்போது நம் கல்யாணம் நடந்தது. “பொண்ணு மாப்பிள்ளைக்கா, கமிட்டி மனுவுக்கா?” என்று என் அண்ணன் பந்தியிலேயே கேலி செய்தார்.

அந்தப் பதினெட்டு நாளில் நாம் பேசியது கொஞ்சம். அதில் இதையாவது நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வேலூர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எனக்குக் கிடைத்த இடத்தைத் தலைமையாசிரியை இரண்டு வருஷம் எனக்காக வைத்திருப்பதாகச் சொன்னார். உங்கள் படிப்பு ஜூனில் முடியும், ஜூலையில் நான் சேர்வேன் என்று கணக்குப் போட்டோம். இருபத்திரண்டு வயது நிறைந்தவர்களை அங்கே சேர்ப்பதில்லை. எனக்கு இந்த நவம்பரில் நிறைகிறது.

குமாஸ்தாவின் தவறாக இருந்தால் ஒரு வரி எழுதுங்கள். தாளில் நான் கையெழுத்திடவில்லை.

சௌந்தரம்


லீட்ஸ்,
22 ஜனவரி 1931

அன்புள்ள சௌந்தரம்,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இங்கே மூன்று நாளாகப் பனி. குழாயில் தண்ணீர் உறைந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாள் எனக்கு மட்டும் தனித் துண்டு கொடுத்திருக்கிறாள். என் நிறத்துக்காக இல்லையாம், தோல் நாற்றத்துக்காகவாம். அவளே விளக்கம் சொன்னாள்.

தவறு குமாஸ்தாவுடையது இல்லை. படிவம் ஒரு புதன்கிழமை வந்தது. இந்தியாவுக்குத் தபால் கட்டுவது வியாழன். உன்னைக் கேட்டுப் பதில் வாங்க ஐந்து வாரமாகும். வெளிதேசத்து மாணவன் என்றால் அடுத்த வருஷக் கட்டணத்துக்கு யார் பொறுப்பு என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பெயர் பட்டியலில் ஏறாது. நீ வேண்டாமென்று சொல்ல மாட்டாய் என்ற நம்பிக்கையில் எழுதிவிட்டேன். நம்பிக்கையும் ஒரு வகையில் கேட்பதுதானே?

இந்த மூன்றாவது வருஷம் மேல் பட்டத்துக்கானது. முடித்து வந்தால் ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை என்னைப்போல் ஒருவன் இருக்க மாட்டான். ஒரு வருஷம்தான். வேலூர் எங்கே போய்விடும்? நீ படித்தவள், புரிந்துகொள்வாய்.

போன வாரம் பரிசோதனைச்சாலைக்கு நம் ஊர் ஆட்டுத்தோல் ஒரு கட்டு வந்தது. ஓரத்தில் அப்பா போடும் கத்திக்குறி. என்னைத்தான் சோதிக்கச் சொன்னார்கள். “சுண்ணாம்பு சரியாக நீக்கப்படவில்லை” என்று எழுதிக் கொடுத்தேன். அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

தாளில் கையெழுத்துப் போட்டுவிடு.

கோதண்டபாணி


ஆம்பூர்,
11 பிப்ரவரி 1931

அன்புள்ள உங்களுக்கு,

நம்பிக்கை என்பது கேட்பது இல்லை. கேட்டால் பதில் வரும் என்ற பயம் இருக்கும். நம்பிக்கையில் அந்தப் பயம் இல்லை. அதனால்தான் அது வசதியாக இருக்கிறது.

உங்கள் கடிதம் சேருமுன்பே, ஆறாம் தேதி, பாய் வந்துபோனார். வசித்து வருகிறேன் என்ற வரியில் கையெழுத்திட்டேன், அது உண்மை. மற்றத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

“நாலெழுத்து படிச்ச பொண்ணுன்னு கட்டினோம். இப்ப நமக்கே பாடம் எடுக்குது” என்றார் அத்தை, பாயிடம்.

“வுடுங்கம்மா. எங்க வூட்டு அக்தரி பேகத்துக்கு ஒரு எழுத்து தெரியாது. அது வாயத் தொறந்தா கமிட்டியே கலைஞ்சிடும்” என்றார் அவர். பிறகு என்னிடம், “ஜாஸ்தி யோசிச்சி உடம்ப கெடுத்துக்காதம்மா. ஏப்ரல் வரைக்கும் தள்ளிப் பாக்குறேன். அதுக்கு மேல சாஹிப் கேப்பாரு.”

பாய் போனபிறகு மாமா, சுண்ணாம்பு தின்ற தம் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “ஊற வெக்கிற ஆவாரம்பட்ட தோல இன்னா பண்ணுதுன்னு என் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியாது. அவன் வந்தான்னா வாயால சொல்வான். அதக் கேக்கணும்.”

ஆகவே உங்கள் படிப்பை நிறுத்தச் சொல்லவில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பயிற்சிப் பள்ளி விடுதியில் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போக அனுமதி உண்டு. காலை ரயிலில் வந்து மாலை ரயிலில் திரும்பலாம். கமிட்டி பார்க்க வருவது வெள்ளிக்கிழமை. அந்த ஒரு நாளை மட்டும் ஞாயிறுக்கு மாற்றச் சொல்லி நீங்கள் சாஹிபுக்கு எழுத வேண்டும். நான் வேலூரில் படிப்பதை மறைக்க வேண்டாம். விடுமுறைகளில் உங்கள் வீட்டில்தான் இருப்பேன், அதையே வசிப்பதாக ஏற்க வேண்டுகிறேன் என்று எழுதுங்கள். பதினைந்து ரூபாயை நிறுத்திக்கொள்ளட்டும். பள்ளியில் எனக்கு உதவித்தொகை உண்டு. நான் எழுதினால் எடுபடாது. மனுதாரர் நீங்கள்.

அரைப் பக்கம் போதும். அதை எழுதினால் நீட்டிப்புத் தாளில் அன்றே கையெழுத்திடுகிறேன், மனதோடு.

சௌந்தரம்


லீட்ஸ்,
5 மார்ச் 1931

சௌந்தரம்,

உன் கடிதத்தை நான்கு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். இந்தப் பதிலை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

மேல் பட்டம் என்று எழுதினேன். அப்படி ஒன்றும் இல்லை. போன ஜூனில் நான் தேறவில்லை. தோல் சம்பந்தமான எல்லாவற்றிலும் முதல் மூன்று பேரில் ஒருவன். ரசாயனத்தில் மட்டும் போயிற்று. இப்போது முதல் வருஷத்தையே திரும்பப் படிக்கிறேன். என்னைவிட நான்கு வயது சின்னவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, “போன வருஷம் இதை எப்படி நடத்தினார்கள்?” என்று மரியாதையாகக் கேட்கிறார்கள்.

கமிட்டிக்குக் “கூடுதல் பயிற்சி” என்று எழுதினேன். நம்பினார்கள். தேறாதவனுக்குத் திரும்பி வரக் கப்பல் சீட்டு கிடையாது. இதுவரை கொடுத்ததையும் திருப்ப வேண்டும். அதற்கு ஜாமீன் அப்பா வைத்திருக்கும் வீட்டுப் பத்திரம். நீ உட்கார்ந்திருக்கும் அந்த வீடு.

நீ கேட்பது அரைப் பக்கம்தான். ஆனால் அந்த அரைப் பக்கம் போய்ச் சேர்ந்தால் அலமாரியிலிருந்து என் காகிதக் கட்டு மேசைக்கு இறங்கும். இறங்கினால் யாராவது ஒருவர் மதிப்பெண் தாள் எங்கே என்பார். என் பெயர் இன்னும் ஒரு வருஷத்துக்கு அந்த மேசைமேல் வரக்கூடாது. அதனால் என்னால் எழுத முடியாது. கிழமையை மாற்றக்கூட முடியாத இடத்தில் இருக்கிறேன்.

இதை உனக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறேன். கோபித்துக்கொள். ஆனால் கையெழுத்துப் போடு.

கோ.


ஆம்பூர்,
24 மார்ச் 1931

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் தேறவில்லை என்று படித்ததும் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சிறுவர்கள் நடுவில் நீங்கள் உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் தெரிந்தது. இதைப் போன ஜூனிலேயே எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் என்னவென்று கேட்காதீர்கள். நானும் ஏதாவது செய்திருப்பேன்.

ரசாயனத்தில் தொலைந்த வருஷம் உங்களுடையது. அதை ஈடுகட்ட நீங்கள் எடுத்துக்கொண்ட வருஷம் என்னுடையது. இந்த ஒரு வரியைத் தவிர உங்கள்மேல் எனக்குப் புகார் இல்லை.

மிஷன் படிப்பகத்தில் உள்ள கதைப்புத்தகங்கள் முக்கால்வாசியை இந்தப் பதினெட்டு மாதத்தில் படித்துவிட்டேன். கடல் கடந்து போகிறவன் என்னென்ன பார்த்தான் என்று முந்நூறு பக்கம் எழுதுகிறார்கள். வீட்டில் இருந்தவள் கடைசி அத்தியாயத்தில் வாசலில் நிற்கிறாள். நடுவில் அவள் எங்கே இருந்தாள் என்று எழுதினவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். சமையலறைக்கும் கிணற்றுக்கும் நடுவே முப்பத்தோரு அடி.

மாமா போன வாரம் கம்பெனியில் எல்லோருக்கும் வெற்றிலை வாங்கிக் கொடுத்தாராம். “ரெண்டு வருசம் யாரு வேணா படிப்பான், எம்புள்ள மூணு வருசம் படிக்கிறான்” என்றாராம். அத்தை சிரித்துச் சிரித்துச் சொன்னார். நானும் சிரித்தேன்.

ஏப்ரல் மூன்றாம் தேதி பாய் வரும்போது கையெழுத்திடுவேன். மறுநாள் தலைமையாசிரியைக்கு எழுதிவிடுவேன். பதில் எழுதவேண்டிய அவசியம் இல்லை. ரசாயனத்தைப் படியுங்கள்.

சௌந்தரம்


லீட்ஸ்,
16 ஏப்ரல் 1931

அன்புள்ள சௌந்தரம்,

முப்பத்தோரு அடி என்று எழுதியிருந்தாய். அந்த வீட்டில் பிறந்தவன் நான். எத்தனை அடி என்று எனக்குத் தெரியாது.

இதே தபாலில் சாஹிபுக்கு எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. மனைவியின் சம்மதத்தை நான் கேட்கவில்லை, கேட்டதாக எழுதியது என் குற்றம், அவள் வேலூரில் படிக்கத் தடையாக உள்ள விதியைத் தளர்த்த வேண்டும், குற்றத்துக்குத் தண்டனை என்னோடு இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறேன். பரீட்சையைப் பற்றி எழுதவில்லை. அவ்வளவு தைரியம் வரவில்லை. கட்டு மேசைக்கு இறங்கட்டும். யாராவது கேட்டால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் மூன்று போய்விட்டது, தெரியும். பாய்க்குக் காய்ச்சல் வந்திருக்கலாம், ரயில் நின்றிருக்கலாம் என்று என்னென்னவோ நினைத்துக்கொள்கிறேன். நீ இன்னும் கையெழுத்திடவில்லை என்றால், இடாதே.

அதைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இன்று மத்தியானம்தான் இங்கே வந்தபிறகு முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

உன்
கோதண்டபாணி


ஆம்பூர்,
7 மே 1931

அன்புள்ள உங்களுக்கு,

பாய்க்குக் காய்ச்சல் வரவில்லை. ஏப்ரல் மூன்றாம் தேதி சரியான நேரத்துக்கு வந்தார். “மனதாரச் சம்மதிக்கிறேன்” என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்திட்டேன். மறுநாள் வேலூருக்கும் எழுதினேன். அந்த அம்மாள் நல்லவர். மே பதினைந்து வரை இடத்தை வைத்திருக்கிறேன், அதற்குள் நிலைமை மாறினால் வா, இல்லாவிட்டால் நெமிலியிலிருந்து ஒரு பெண் காத்திருக்கிறாள் என்று பதில் போட்டார்.

உங்கள் கடிதம் எனக்குத் திங்கட்கிழமை வந்தது. கமிட்டிக்கும் அன்றே வந்திருக்கிறது. நேற்றுப் புதன்கிழமை பாய் வந்தார். வெள்ளி அல்லாத நாளில் அவர் தலையைப் பார்த்ததும் அத்தை அடுப்பை அணைத்துவிட்டார். பாய் கம்பெனிக்குப் போய் மாமாவையும் கூட்டி வந்திருந்தார். மாமா கழுவக்கூட இல்லை, முழங்கை வரை சுண்ணாம்பு.

பாய் நாற்காலியில் உட்காரவில்லை. இரண்டு தாள்களை இரண்டு கையில் வைத்துக்கொண்டார்.

“இதுல உன் புருசன் எழுதியிருக்காரு, பொண்டாட்டிய நான் கேக்கவேயில்லன்னு. இதுல நீ எழுதியிருக்கே, மனசார சம்மதம்னு. ரெண்டும் ஒரே கட்டுல இருக்க முடியாதும்மா. எது நெசம்?”

“அவன் எழுதினது நெசம்னா இன்னா ஆவும் பாய்?” என்றார் மாமா.

“நீட்டிச்சது ரத்து மேஸ்திரி. பொய் சொல்லி வாங்கினதுன்னு ஆயிடும். குடுத்தத எல்லாம் திருப்பிக் கேப்பாங்க. சாஹிப் நல்லவருதான். ஆனா அவரு எழுதின விதிய அவரே மீற மாட்டாரு.”

“எம்புள்ள பொய் எழுத மாட்டான்” என்றார் மாமா. என் பக்கம் திரும்பி, “மருமவளும் எழுத மாட்டா” என்றார். அதற்குமேல் அவருக்குப் போக வழியில்லை. தரையைப் பார்த்தார். அத்தை என் தோளைத் தொட்டு, “சொல்லும்மா” என்றார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை அம்மா என்று அவர் கூப்பிட்டதில்லை.

உங்கள் நகல் என் இடுப்பில் செருகியிருந்தது. மே பதினைந்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நீங்கள் எழுதியது உண்மை என்று ஒரு சொல் சொன்னால் கமிட்டியின் விதி என்னைக் கட்டாது, எனக்கு வேலூர் கிடைக்கும். மாமாவுக்கு வீடு போகும், உங்களுக்குக் கட்டணம் போகும், கப்பல் சீட்டும் இல்லாமல் பனியில் நிற்பீர்கள். இதையெல்லாம் நான் நிதானமாக நினைத்துப் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன். மாமாவின் கையில் சுண்ணாம்பு காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தேன்.

“என் கையெழுத்துதான் நெசம் பாய்” என்றேன்.

“அப்ப அவரு ஏன் இப்படி எழுதினாரு?”

“எனக்கு வேலூர்ல படிக்கணும்னு ஆச இருந்திச்சி. அத மனசுல வெச்சிக்கினு எழுதிட்டாரு. சம்மதம்னு நான் எழுதின லெட்டர் அவருக்குப் போய்ச் சேர்றதுக்கு முந்தி.”

பாய் நம்பவில்லை. ஆனாலும் “கணவர் தவறான எண்ணத்தால் எழுதியது, நான் முன்பே சம்மதித்தேன்” என்று எழுதி, படித்துக் காட்டி, என்னிடம் நீட்டினார். கையெழுத்திட்டேன். மாமா கும்பிட்டார். எனக்கா, பாய்க்கா என்று தெரியவில்லை. “குழியில தோல் கெடக்குது” என்று உடனே கம்பெனிக்குப் போய்விட்டார்.

நீங்கள் எனக்காக ஒரே ஒரு உண்மை சொன்னீர்கள். அதைப் பொய் என்று எழுதிக் கொடுத்தவள் நான். இதற்கு உங்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் முடியவில்லை. இனிமேல் கமிட்டிக்கு எதுவும் எழுதாதீர்கள். நல்லதைக்கூட எழுதாதீர்கள்.

நெமிலிப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளும்படி இன்று காலை வேலூருக்கு எழுதிவிட்டேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்தைந்து வயது வரை சேர்க்கிறார்களாம், உதவித்தொகையும் உண்டாம். மணமானவள் என்றால் கணவனின் சம்மதக் கடிதம் கேட்பார்களாம். அடுத்த ஜூனில் நீங்கள் கப்பலில் இருக்கலாம், அல்லது இன்னொரு பரீட்சையில் இருக்கலாம். கடிதம் போய்வர ஐந்து வாரமாகும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். ஆகவே இப்போதே அனுப்பிவிடுங்கள். சம்மதம் என்று எழுத வேண்டாம். தேதி வேண்டாம். வெற்றுத் தாளில் உங்கள் கையெழுத்து மட்டும். எழுத வேண்டியதை நான் எழுதிக்கொள்கிறேன்.

சௌந்தரம்


லீட்ஸ்,
28 மே 1931

அன்புள்ள சௌந்தரம்,

தாள் இத்துடன் இருக்கிறது. ஒன்றுக்கு இரண்டாக வைத்திருக்கிறேன். ஒன்றில் எழுதும்போது பிழை வந்தால் மற்றது உதவும்.

பரீட்சை ஜூன் எட்டாம் தேதி.

முதலில் தாளின் நடுவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்கு எழுத இடம் போதாது என்று அதைக் கிழித்துவிட்டு, அடி ஓரத்தில் போட்டிருக்கிறேன்.

கோதண்டபாணி